முப்பத்துநாலு பெட்டி உப்பு

வெயிலில் ஒரு உப்புக் குவியல். கூடைப்பந்து மைதானத்தின் நடுவட்டத்தில், சிமெண்டுத் தரையின் மேல், ஒரு ஆள் சப்பணமிட்டு உட்கார்ந்த உயரத்துக்கு. பார்த்தால் கண் கூசும். பார்க்காமலும் இருக்க முடியாது.

அந்தக் குவியலுக்குள் வலது கையை மணிக்கட்டுவரை புதைத்துக்கொண்டு சொல்கிறேன். இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு கல் கூட்டவில்லை. ஒரு கல் குறைக்கவில்லை. பொய்யென்றால் இந்தக் கை நாளைக்குச் சோறு அள்ள வேண்டாம்.

ஊர் ஓடைவிளை. கிழக்கே கடல். மேற்கே உடைமரக் காடு. நடுவில் பாத்தி பாத்தியாக உப்பளம். உப்பளத்துக்கும் சாலைக்கும் இடையே அந்த மைதானம்.

மற்ற ஊர்களில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். இங்கே பந்தைத் தரையில் உருட்டினால் உப்புப் பாத்திக்குள் போய்விடும். அதனால் மேலே எறியக் கற்றுக்கொண்டார்கள். ஓடைவிளையின் விளையாட்டு வரலாறு இவ்வளவுதான்.

தவசிமுத்து உப்பளத்துத் தராசுக்காரர். மூன்று பனங்கட்டைகளைக் கூம்பாக நிறுத்தி, உச்சியிலிருந்து தொங்கவிட்ட பெரிய இரும்புத் தராசு அவருடையது. ஒரு பக்கச் சங்கிலியில் பலகை. மறுபக்கச் சங்கிலியில் தட்டு. முள் நடுவில் நிற்கிறது என்று தவசிமுத்து சொன்னால் நிற்கிறது. அதற்குமேல் ஊரில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

தட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தால், அது எழுந்து போகும்வரை வாயைத் திறக்கமாட்டார். ஒருமுறை தராசுக்கு மேல் ஒரு மேகம் வந்து நின்றது. நிழலின் எடையைக் கழித்துவிட்டுச் சொன்னார். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மேகத்தைக் கேட்டாலும் சொல்லும்.

நேர்மையான மனிதர். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

*

கஸ்பார் உப்பு மூட்டை சுமந்தவன். ஆறடி இரண்டு அங்குலம். பாலம்போல் தோள். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஒரே தங்கை பிலோமி, மதுரையில் நர்சிங் படிப்பு, ஹாஸ்டல் வாசம். வீட்டில் அவனும் ஒரு தண்ணீர்ப் பானையும்.

காலையில் மூட்டை. சாயங்காலம் பந்து. மூட்டையை இறக்கிவைத்த தோள் தானாகவே மேலே போகப் பார்க்கும். அவன் அதன் கூடவே போனான்.

போனால் இறங்க நேரமாகும். ஒருநாள் பந்தோடு எழும்பினான். நடுவர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், வேட்டியில் துடைத்தார், மறுபடி வாயில் வைத்தார். அப்போதும் கஸ்பார் மேலேதான் இருந்தான். இதுவும் நடந்ததுதான்.

மே மாதம் ஏழு நாள் போட்டி. அந்த ஏழு நாளும் ஊரில் சோறு வேகாது, துணி காயாது, பிள்ளை அழாது. மைதானத்துப் படிக்கட்டில் ஐந்நூறு பேர். ஐந்நூறு பேருக்கும் ஒரே தொண்டை. கஸ்-பார். கஸ்-பார்.

கோப்பை மட்டும் வருஷாவருஷம் மேற்கத்தி ஊர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு வருஷம் ஒரே ஒரு புள்ளியில் போனது. அன்றைக்கு டெய்லர் பீர்முகம்மது படிக்கட்டின் உச்சியில் ஏறி நின்றார். அணிக்கு பனியன் தைப்பவர் அவர்தான். தோற்றால் தன் தையல் தோற்றதாக எடுத்துக்கொள்வார்.

“அடுத்த வருசம் இந்தப் பய கப்பைக் கொண்டாரட்டும்வே! எடைக்கு எடை உப்பு நிறுத்துப் போடுதோம்!”

எந்தச் சாமிக்கு என்று சொல்லவில்லை. எந்தச் சாமியும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் கோப்பை வந்தது.

*

அப்படிப் பிறந்தது அந்த வழக்கம். ஒவ்வொரு மே மாதமும், போட்டியின் முதல் நாள், நாலு மணி வெயிலில்.

தராசை டிராக்டரில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுவருவார்கள். கஸ்பார் பலகையில் சப்பணமிட்டு உட்காருவான். மடியில் பந்து. பந்தைக் கீழே வைக்கச் சொல்வார் தவசிமுத்து. நேர்ச்சை ஆளுக்குத்தான், பந்துக்கு இல்லை என்பார்.

எதிர்த்தட்டில் ஓலைப்பெட்டியால் உப்பு விழும். ஒரு பெட்டி இரண்டு கிலோ. ஒவ்வொரு பெட்டிக்கும் ஊர் எண்ணும். ஒண்ணு. ரெண்டு. மூணு. இருபதில் நாய்கள் எழுந்து நிற்கும். முப்பதில் கடல் திரும்பிப் பார்க்கும்.

பலகை எழும்போது எண்ணிக்கை நிற்கும். அந்த உப்பில் பாதி முத்தாரம்மன் கோவிலுக்கு. பாதி மாதா கோவிலுக்கு. நடுவில் பீர்முகம்மது ஒரு பெட்டியைத் தர்காவுக்கு ஒதுக்கிக்கொள்வார்.

முதல் வருஷம், முப்பத்தொன்பது. பலகை மெல்ல எழுந்தது. கஸ்பார் தரையைவிட்டு ஒரு சாண் உயர்ந்து, ஆடி, சிரித்தான். வெயில் அவன் பல்லில் பட்டது. ஊர் கை தட்டியது.

இரண்டாம் வருஷம், முப்பத்தாறில் எழுந்துவிட்டது.

ஊர் முப்பத்தேழுக்கு வாயைத் திறந்து வைத்திருந்தது. திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“என்னவே, பய ஆறு கிலோ கொறைஞ்சிட்டான்?” என்றார் சுடலைமணி. மைதானத்து ஓரத்தில் டீக்கடை வைத்திருப்பவர்.

“கொறைஞ்சா என்னவே?” என்றார் பீர்முகம்மது. “மேல ஏறுறதுக்கு லேசுதானே!”

ஊர் யோசித்தது. யோசித்துவிட்டுக் கை தட்டியது.

மூட்டையில் ஆறு கிலோ குறைந்தால், எங்கே ஓட்டை என்று மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஊர் அது. அன்றைக்கு யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

*

லேசாக லேசாக அவன் உயர்ந்தான். இது கணக்கு. உப்பளத்துக்காரனுக்குக் கணக்கு புரியும்.

கடற்காற்று அடித்தால், ஏறிய இடத்திலிருந்து இரண்டடி தள்ளி இறங்குவான். ஒருமுறை எதிரணிப் பயிற்சியாளர் காற்றின்மேல் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தார். நடுவர் வாங்கிப் படித்தார். காற்று படித்ததா தெரியவில்லை, அடுத்த பாதியில் அடிக்கவில்லை. இதுவும் நடந்ததுதான்.

தண்ணீர் குடித்தான். பாதி ஆட்டத்தில் சுடலைமணி கடையிலிருந்து ஒரு பானை போகும். காலியாகத் திரும்பும். இரண்டாவது பானை போகும். ஊர் டம்ளரையும் எண்ணியது. பதினெட்டு. பத்தொன்பது. அவன் குடிக்கக் குடிக்க ஊர்க் கிணற்றில் கீழ்ப்படி தெரிந்தது.

“குடிச்சா இப்படிக் குடிக்கணும்வே” என்பார் சுடலைமணி. தன் பானைக்குப் பெருமை.

எறும்பு வந்தது. ஆட்டம் முடிந்து அவன் பனியனைக் கழற்றிக் கம்பத்தில் போட்டால், கம்பத்தின் அடியிலிருந்து வரிசையாக ஏறும். மற்ற பத்துப் பேர் பனியனும் அங்கேதான் கிடக்கும். ஒரு எறும்பு தொடாது. அவன் மைதானத்துக்குப் பின்னால் சுவரோரம் ஒதுங்கிவிட்டு வந்தால் அங்கேயும் ஒரு படை கூடும்.

“எறும்புக்குக்கூட நம்ம பய மேல பிரியம் பாத்தீரா?”

பார்த்தார்கள். ஊரே பார்த்தது. சிரித்தது.

பனியன் பெரிதாகிக்கொண்டே போனது. ஏழாம் நம்பர். பீர்முகம்மது இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார். மறுபடி பிடித்துத் தைத்தார். துவைக்கத் துவைக்கப் பெருகும் துணி உலகத்தில் அது ஒன்றுதான். கடைசியில் ஏழு என்ற எண் வயிற்றைச் சுற்றி முதுகுக்குப் போய்விட்டது.

மூன்றாம் வருஷம், முப்பத்துநாலு. ஊர் கை தட்டியது. இந்தமுறை யோசிக்கவில்லை.

*

நாலாம் வருஷம்.

இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போகவேண்டும்.

நாலு மணி வெயில். டிராக்டர். பனங்கட்டைகள். பலகையில் கஸ்பார். பந்தைக் கீழே வைத்துவிட்டான், யாரும் சொல்லாமலே. வைத்தவுடன் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தான்.

தவசிமுத்து பலகையின் சங்கிலியைப் பிடித்து நின்றார். எப்போதும் நிற்கிற இடம். இருபத்தைந்து. இருபத்தாறு. ஊர் எண்ணிக்கொண்டே வந்தது.

இருபத்தேழில் அவர் கையில் சங்கிலி நடுங்கியது. பலகை எழப்போகிறது.

முப்பது வருஷமாக எடை பார்த்த கை. அதற்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குத் தெரிய இன்னும் ஒரு மூச்சு நேரம் இருந்தது.

அந்த ஒரு மூச்சில் கஸ்பார் தலையை அவர் பக்கம் சாய்த்தான். உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது. மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாசம்.

“அண்ணாச்சி. ஒரு ஏழு பெட்டி கடன் குடுங்க. ஆளுக எண்ணுதாவள்ளா. நிப்பாட்டிராதீங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

தவசிமுத்துவின் வலது கால் நகர்ந்தது. பலகையின் ஓரத்தில் ஏறியது. அழுத்தியது.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. கடல் திரும்பிப் பார்த்தது. அவர் கடலைப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று.

முப்பத்துநாலில் காலை மெல்லத் தளர்த்தி, கையால் சங்கிலியை இழுத்துப் பிடித்து, முள்ளை நடுவில் நிறுத்தினார். “முப்பத்துநாலு” என்றார். நேர்மையான மனிதர். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

“போன வருசம் மாதிரியே!” என்றது ஊர். “கல்லுல செஞ்ச பய!”

இரக்கத்தில் செய்தாரா என்றால், இல்லை. அதுதான் விஷயம். இருபத்தேழு என்று சொல்லியிருந்தால் பயிற்சியாளர் அவனை உட்காரவைத்திருப்பார். உட்காரவைத்தால் கோப்பை போகும். தவசிமுத்துவுக்குக் கோப்பை வேண்டியிருந்தது. பதினாலு கிலோவைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, அவர் கோப்பையை நினைத்தார்.

*

கோப்பை வந்தது. இறுதி ஆட்டத்தின் கடைசி நொடியில் கஸ்பார் எழும்பினான். பந்து வலைக்குள் இறங்கியது. அவன் இறங்கவில்லை. படிக்கட்டில் இருந்தவர்கள் எழுந்து, கட்டிப்பிடித்து, அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி பார்த்தபோதுதான் காலைத் தரையில் வைத்தான். வைத்தவன் அப்படியே உட்கார்ந்தான். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தூக்கியவர்களுக்கு அவன் எடை தெரிந்திருக்கும். எட்டுத் தோள். எட்டும் மூட்டை சுமந்த தோள். ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஐப்பசி. முதல் மழை. உப்பளத்தில் மழை என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். குவியல்களுக்குக் கீற்று வேய்வார்கள். மூடாத குவியல் காலையில் இருக்காது. சத்தமில்லாமல் கரைந்துபோகும். ஒரு ஈரம் மட்டும் இருக்கும்.

கீற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கஸ்பார் மழைக்குள் சரிந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். மூன்றாம் நாள் இல்லை. இருபத்தாறு வயது.

சர்க்கரை என்றார் டாக்டர். இந்த வயதில் வருகிற வகை. ஆறு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டுக்கொண்டே பேரப்பிள்ளை பார்த்திருப்பான். மெலிவு தெரிந்திருக்குமே, தாகம் எடுத்திருக்குமே, எறும்பு வந்திருக்குமே, யாரும் பார்க்கலையா என்று கேட்டார்.

ஐந்நூறு பேர் பார்த்தோம் என்று அவரிடம் யார் சொல்வது?

கல்லறைக்குத் தூக்கிப்போக ஆறு பேர் போனார்கள். பாதி வழியில் நாலு பேர் கையை எடுத்துவிட்டார்கள். மீதி இரண்டு பேருக்கே அது பாரமாக இல்லை. ஆறு பேரும் கடைசிவரை நடந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. உப்பு கரைகிற வாசம் ஊர் முழுக்க.

*

மறு வருஷம் மே மாதம். நாலு மணி. டிராக்டர் வந்து நின்றது. யாரும் வரச் சொல்லவில்லை, யாரும் போகவும் சொல்லவில்லை.

பலகையில் உட்கார ஆள் இல்லை. அதனால் நடுவட்டத்தில் உப்பைக் கொட்டினார்கள். முப்பத்துநாலு பெட்டி. கடைசியாக அவன் இருந்த எடை. ஊர் எண்ணியது.

எண்ணி முடித்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசினார்கள். விசில் கதை. காற்றின்மேல் புகார் கொடுத்த கதை. பானைக் கதை. வருஷத்துக்கு வருஷம் பானை பெரிதானது. மூன்றாம் வருஷம் அது அண்டா. ஐந்தாம் வருஷம் கிணறு. ஏழாம் வருஷம் அவன் தோளில் ஒரு கடற்காக்கை கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்தது. எல்லாம் அவன் ஒரே ஒருமுறை எழும்பி இறங்குவதற்குள்.

ஏன் பெரிதானது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சின்னதாக இருந்தால் அதன் அடியில் கிடப்பது தெரிந்துவிடும்.

தவசிமுத்து கதை சொல்வதில்லை. பெட்டியைக் கொட்டுவார், முப்பத்துநாலு என்பார், கடைசிப் படியில் போய் உட்காருவார். கொட்டும் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது காலின் கட்டைவிரல்தான் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அவர் வடக்கே நடந்தால் அது மைதானத்தைப் பார்க்கும். செருப்பு கடிக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னார். அப்போது அவர் செருப்பே போடுவதில்லை.

ஒன்பது மே மாதம். ஒன்பது குவியல். ஒவ்வொன்றிலும் ஏழு பெட்டி அவருடையது.

*

இந்த வருஷம் பிலோமி வந்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே மைதானத்துக்கு. முப்பது தாண்டிய பெண். அண்ணனின் நெற்றி. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியொன்றில் நர்ஸ். சர்க்கரை நோயாளிகள் படுக்கிற வார்டு. அதுவே வேண்டும் என்று கேட்டு வாங்கியதாகச் சொன்னார்கள்.

ஊர் எழுந்து இடம் கொடுத்தது. சுடலைமணி டீ கொண்டுவந்தார். தங்கச்சி வந்திருக்கிறாள் என்றதும் கதைகள் இன்னும் உற்சாகமாக வந்தன. அவள் கேட்காததல்லவா.

“ஒரு பானை தண்ணி தாயி! ஒரே மூச்சுல!”

“எறும்பு வரிசை கட்டி வரும்மா, ஒங்க அண்ணன் பனியனுக்கு மட்டும்!”

“மூணு தடவ பிடிச்சுத் தச்சேன் பாத்துக்கோ. அம்புட்டு லேசு. காத்து மாதிரி இருந்தான்.”

பிலோமி சிரிக்கவில்லை. டீயைக் குடிக்கவில்லை. ஒவ்வொரு கதைக்கும் ஒரு விரலை மடக்கினாள். வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு அவள் சீட்டில் எழுதுகிற வரிசை அது. தாகம். சிறுநீர். எறும்பு. மெலிவு. அசதி.

ஐந்து விரலும் மடங்கியபோது ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். ஒன்பது வருஷமாகத் தாங்கள் சொல்லிவந்தது என்ன கதை என்று அப்போதுதான் காதில் விழுந்தது.

“எல்லாத்தையும் பாத்திருக்கீங்க” என்றாள். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பீர்முகம்மது தன் கைகளைப் பார்த்தார். சுடலைமணி டம்ளரை எடுத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். ஐந்நூறு பேர் ஐந்நூறு வேறுவேறு திசையைப் பார்த்தார்கள். அத்தனை திசை ஓடைவிளையில் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிலோமி எழுந்து கடைசிப் படிக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, அவன் போறதுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நான் வந்தப்பம் அண்ணன் மெலிஞ்சிருந்தான். ஆஸ்பத்திரிக்கு வான்னு இழுத்தேன். மே மாசம் தவசியண்ணாச்சி நிறுப்பாவ, கொறைஞ்சிருந்தா வாரேன்னான். மே மாசம் லெட்டர் போட்டான். முப்பத்துநாலு, கொறையலன்னு.”

பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது, வெயில் வெளிச்சம் அதன் வழியே புகுந்து வந்தது.

“அதை நம்பி நான் வரல. ஐப்பசியில ஆஸ்பத்திரிச் சீட்டுல நாப்பத்தாறு கிலோன்னு போட்டிருக்கு. முப்பத்துநாலு பெட்டின்னா அறுவத்தெட்டு. அஞ்சு மாசத்துல அம்புட்டும் எங்க போச்சு? ஒம்பது வருசமா யோசிக்கேன். எங்கண்ணு தப்பாப் பாத்துதா, இல்ல தராசு தப்பாச் சொல்லிச்சா? நான் அன்னைக்கு இழுத்துட்டுப் போயிருக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் கேக்கல.”

காற்று நின்றது. புகார் எதுவும் கொடுக்காமலே.

*

தவசிமுத்து எழுந்தார்.

படிக்கட்டிலிருந்து நடுவட்டம்வரை முப்பது அடி. அதை நடக்க அவருக்கு ஒரு நிலா மாதம் ஆனது. பௌர்ணமி வந்து போனது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

குவியலின் முன்னால் குனிந்தார். ஓலைப்பெட்டியை எடுத்தார். ஒரு பெட்டி உப்பை அள்ளி, வட்டத்துக்கு வெளியே கொட்டினார்.

“முப்பத்துமூணு” என்றார்.

ஊருக்குப் புரியவில்லை. இன்னொரு பெட்டி. “முப்பத்திரெண்டு.” இன்னொன்று. வருஷாவருஷம் மேலே எண்ணிய ஊர், முதல்முறையாகக் கீழே எண்ணுவதைக் கேட்டது. முப்பத்தொன்றில் ஒரு தொண்டை சேர்ந்தது. முப்பதில் பத்து. இருபத்தொன்பதில் எல்லாத் தொண்டையும். மெதுவாக. ஜெபம்போல.

இருபத்தேழில் நிறுத்தினார்.

குவியல் சிறுத்துப்போய்விட்டது. ஆள் உட்கார்ந்த உயரம் இல்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்தில் தனியாக ஏழு பெட்டி.

“இது நான் வச்ச கால், தாயி” என்றார். “ஒங்கண்ணு தப்பில்ல.”

பீர்முகம்மது இறங்கி வந்தார். சட்டைப் பையிலிருந்து நீளநீளமாகத் துணித் துண்டுகளை எடுத்தார். பனியனில் வெட்டிய ஓரங்கள். ஒன்பது வருஷம் இதயத்துக்கு மேலே வைத்திருந்தவை. உப்பின் மேல் வைத்தார். சுடலைமணி காலிப் பானையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். கஸ்பாரைத் தோளில் தூக்கிய எட்டுத் தோளும் வந்து நின்றன, சட்டையைக் கழற்றிவிட்டு. ஊர் வரிசையாக வந்தது. எறும்புபோல.

பிலோமி உட்கார்ந்தாள். விரல் நுனியில் ஒரு கல் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒன்பது வருஷமாக மடங்கியிருந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது.

“இப்ப சரியா இருக்கு” என்றாள்.

தவசிமுத்துவின் கட்டைவிரல் நேரே திரும்பியது. மேற்கே, மே மாதத்தில், ஐப்பசி மேகம் ஒன்று வந்து நின்றது. அது பழைய மேகம்தான், ஊருக்கு அடையாளம் தெரிந்தது. ஏழு பெட்டியின் மேல் மட்டும் மழை பெய்தது. ஏழும் கரைந்தன. இருபத்தேழின் மேல் ஒரு துளி விழவில்லை. வளையத்துக்கு மேலே, மிக மேலே, யாரோ ஒருவன் காலைத் தரையில் வைக்க ஆரம்பித்தான்.

இதுவும் நடந்ததுதான்.

*

வெயிலில் ஒரு உப்புக் குவியல். நடுவட்டத்தில், சிமெண்டுத் தரையின் மேல், ஒரு ஆள் சப்பணமிட்டு உட்கார்ந்த உயரத்துக்கு. பார்த்தால் கண் கூசுகிறது. என் கை இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. எரிகிறது. வலது காலின் கட்டைவிரல் ஒரு பக்கமாகத் திரும்பியேதான் இருக்கிறது.

அன்றைக்குப் பிலோமியிடம் தவசிமுத்து உண்மையில் சொன்னது இவ்வளவுதான்: “தராசு தப்பாது, தாயி. முப்பத்துநாலு.”